அப்பாவின் 1967 ஹெரால்டு: பெயிண்டு அடித்து விற்பதா, அப்படியே விற்பதா?

மடத்துத் தெரு டீச்சர் (கேள்வி)

அப்பா கும்பகோணத்தில் ஐம்பது ஆண்டு வக்கீலாக இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு உயில் எழுதிக் கொடுத்தவர், தனக்கென்று ஒரு வரி எழுதி வைக்காமல் 2023 ஐப்பசியில் கண்ணை மூடினார். வயது 91. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டிலோ நிலத்திலோ எங்கள் நான்கு பேருக்குள் மனத்தாங்கல் வரவில்லை. வந்ததெல்லாம் கொல்லைக் கொட்டகையில் நிற்கும் காரால்தான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967. இரண்டு கதவு, வெளிர் நீலம். வண்டலூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. அப்பா சென்னைக்கு ரயிலில் போய், திரும்பும்போது தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அப்பாவின் பொறுமை எல்லாம் கோர்ட்டிலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு மிச்சம் வராது. எனவே ஹெரால்டு. 1968 மகாமகத்துக்கு வந்த உறவினர்களை ரயில் நிலையத்திலிருந்து நடைக்கு நடை ஏற்றி வந்தது இந்தக் கார்தான். அதற்கு அடுத்த மாதம் நான் பிறந்தேன். ஆகவே கார் எனக்கு மூத்தது. பெரியண்ணனும் சின்ன அண்ணனும் மட்டும்தான் அதற்கு மூத்தவர்கள்.

இதன் பானெட் மற்ற கார்களைப் போல் மேல்நோக்கித் திறக்காது. இரண்டு மட்கார்டையும் விளக்கையும் சேர்த்துக்கொண்டு முழு மூக்கும் முன்பக்கமாகச் சாயும். தெருப் பிள்ளைகள் "முதலை வாயைத் திறந்துவிட்டது" என்று ஓடி வருவார்கள். இரண்டே கதவு என்பதால் அம்மா பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்க வேண்டும். பட்டுப்புடவையோடு அதில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு ஒரு பாட்டு கிடைத்தது.

2011 வரை ஓட்டினார். பிறகு கண் சரியில்லை. அதிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. ஒழுகாத கொட்டகை. டயர் நான்கும் தரையில் படிந்துவிட்டன. எலி பின் இருக்கையின் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. ஓட்டுநர் இருக்கை ரெக்சின் கிழிந்த இடத்தில் அம்மா கோணி ஊசியால் போட்ட தையல் அப்படியே இருக்கிறது. டாஷ்போர்டில் நாற்பத்து நான்கு ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடித்துவிட்டது. அதையும் அசல் பாகம் என்று சொல்லலாமா தெரியவில்லை.

வாங்கிய ரசீது, ஆர்.சி. புத்தகம், ஒரு முறைகூடப் பூட்டில் நுழையாத மாற்றுச் சாவி, துணிச்சுருளில் கருவிகள், எல்லாம் வழக்குக் கட்டுபோல் சிவப்பு நாடா கட்டி இருக்கின்றன. கூடவே பதினொரு குறிப்பேடுகள். பெட்ரோல் போட்ட நாள், மீட்டர் எண், கொடுத்த பணம், ஓட்டிப் போன இடம். எல்லாம் மை பேனாவில்.

இப்போது கேட்க வந்தது. உள்ளூர் புரோக்கர் ஒருவர் 1,10,000 தருகிறேன் என்கிறார். கோவைக்காரர் ஒருவர் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, "துடைக்கக்கூடச் செய்யாதீர்கள், 2,75,000" என்றார். சின்ன அண்ணனுக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறைக்காரர் 1,40,000 செலவு செய்து பட்டி பார்த்து, பெயிண்டு அடித்து, இருக்கை மாற்றினால் 5 லட்சத்துக்குப் போகும் என்று அடித்துச் சொல்கிறார். கணக்கு டீச்சருக்கு அந்தக் கழித்தல் புரிகிறது. ஆனால் 5 லட்சம் என்பது அவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது, 1,40,000 என் கையிலிருந்து போக வேண்டும்.

எது சரி? மீட்டரில் 64,318 என்று இருக்கிறது. "56 வயது வண்டி, 64,000 மட்டுமே ஓடியது" என்று விளம்பரத்தில் போடலாம் என்கிறார் புரோக்கர். வாங்குகிறவர் பிரித்து விற்றுவிட மாட்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பீளமேடு ஹெரால்டு

வணக்கம் டீச்சர். முதலில் அந்தப் பட்டறைக்காரரின் எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.

என்னிடம் ஒரு ஹெரால்டு இருக்கிறது, நான்கு கதவு, 1970. ஏற்கெனவே யாரோ "புதுப்பித்த" வண்டியை வாங்கினேன். பளபளப்பு மூன்று மழைக்காலம் தாங்கியது. நான்காவதில் கதவுக்குக் கீழே உள்ள சில் பட்டையில் கொப்புளம் வந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. துருவின் மேல் பட்டி, பட்டியின் மேல் செய்தித்தாள், அதன் மேல் பெயிண்டு. புதுப் பெயிண்டு அடித்த பழைய வண்டியைப் பார்க்கும்போது விஷயம் தெரிந்தவர் எவரும் "எவ்வளவு அழகு" என்று நினைப்பதில்லை. "எதை மறைத்திருக்கிறார்கள்" என்றுதான் நினைப்பார்கள். உங்கள் வண்டி மறைக்காமல் நிற்கிறது. அதற்குத்தான் அந்தக் கோவைக்காரர் பணம் தருகிறார். அது நான் அல்ல, என்னிடம் இன்னொன்றுக்கு இடம் இல்லை, வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் "அசல்" என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது. விற்குமுன் நீங்களே பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அடித்தளத்தின் நிறம். கதவு மூடும் இடத்தில் ரப்பர் பீடிங்கை மெல்ல விலக்கினால் தெரியும் நிறம். முதலை வாயைத் திறந்து அதன் உள் விளிம்பு. மூன்றும் ஒரே நீலமா? ரப்பரில், ஒயரில், போல்ட்டில் எங்காவது நீலத் தூறல் தெறித்திருக்கிறதா? தெறித்திருந்தால் அந்த இடம் ஒரு முறை பெயிண்டு கண்டிருக்கிறது.

பிறகு அடிப்பக்கம். ஹெரால்டு அந்தக் காலத்துக்கே பழைய முறையில் செய்த வண்டி. தனிச் சேஸிஸ் (அடியில் தாங்கும் இரும்புச் சட்டம்), அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு உட்கார வைத்தது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடல். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றுக்கு அது முடியாது. மடத்துத் தெருவில் உங்கள் அப்பா ஏன் அதை விரும்பினார் என்று எனக்குப் புரிகிறது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். திருப்புளியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் அதையும் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மிக முக்கியம்: யாராவது வந்து "ஒரு பேட்டரியைக் கொடுங்கள், ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்" என்று மார்தட்டினால் கொட்டகையைப் பூட்டுங்கள். இத்தனை ஆண்டு நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், பிஸ்டன் வளையம் ஒட்டியிருக்கலாம். சுழற்றினால் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால்தான் சுழற்ற வேண்டும். பழைய பெட்ரோல் டாங்கியில் பிசினாகியிருக்கும், அதை வடிக்க வேண்டும். பிரேக் திரவத்தை நம்பவே கூடாது. இன்னொன்று, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இந்தக் காலத்து மெக்கானிக் பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். இதை எல்லாம் வாங்குகிறவர் செய்துகொள்ளட்டும். "12 ஆண்டாக ஓடவில்லை, நாங்கள் முயலவில்லை" என்று எழுதினாலே விவரம் தெரிந்தவருக்கு நிம்மதி.

இந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைக் கட்டை உண்டு. அதற்குக் கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். நான் அது தெரியாமல் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுச் சாலையில் ஒரு நாள் இடது சக்கரம் காலை மடக்கி உட்கார்ந்த பசுபோல் மடங்கிவிட்டது. வேகம் இருபதுக்குள் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மீட்டர் பற்றி ஒரு சந்தேகம். அதில் ஐந்து இலக்கம்தான் உண்டு. 44 ஆண்டில் 64,000தானா, அல்லது ஒரு சுற்றுச் சுற்றி வந்ததா? உங்கள் அப்பாவின் குறிப்பேடு சொல்லும். பாருங்கள்.

மலைக்கோட்டை மார்க்கெட்

நான் திருச்சியில் முப்பது ஆண்டாகப் பழைய கார் வாங்கி விற்கிறவன். மேலே எழுதியவர் சொல்வது பணமும் இடமும் உள்ளவர்களின் உலகம். அந்த உலகில் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? எலி தின்ற இருக்கைக்கு 2,75,000 கொடுப்பவர் படம் பார்த்து ஒரு விலை சொல்வார், நேரில் வந்து இன்னொரு விலை சொல்வார். "துரு இருக்கிறதே, ஆர்.சி. காலாவதியாகிவிட்டதே" என்று ஒவ்வொன்றாகக் குறைப்பார். நானும் அப்படித்தான் குறைப்பேன், அது தொழில்.

பெயிண்டு அடித்த ஹெரால்டைத் திருமணப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் ஓடிவந்து வாங்குவார்கள். அவர்களுக்கு டிக்கியின் அடித்தள நிறம் எதற்கு? மாப்பிள்ளை சாய்ந்து நிற்க ஒரு பளபளப்பான மட்கார்டு வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா, ஒன்று மட்டும் செய்யுங்கள். யார் கேட்டாலும் முன்பணம் வாங்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணி நிறைவு எழுத்தர்

முன்பணம் வாங்கினாலும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 33 ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

இன்றைய தேதியில் அந்தக் காரை விற்க உங்களில் எவருக்கும் உரிமை இல்லை. வண்டி உங்கள் தந்தை பெயரில் இருக்கிறது. இறந்தவர் விற்க முடியாது. முதலில் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ். அதில் நால்வர் பெயரும் வரும். மற்ற மூவரும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுக்க, ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. உரிமையாளர் இறந்ததை 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 30 நாளை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பயப்பட வேண்டாம், தாமதத்துக்கு அபராதம் கட்டலாம். கட்டணங்கள் கடந்த சில ஆண்டுகளில் நன்றாக ஏறிவிட்டன, கையில் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாறிய பிறகுதான் விற்பனை. அதற்குப் படிவம் 29, 30. பெயர் மாற்றாமல் "நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று வண்டியை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நாளை அந்த வண்டி ஒருவர் மேல் மோதினால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது.

இனி வின்டேஜ் பதிவு, அதாவது மிகப் பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு பற்றி. 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருந்தால் வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே எண் உள்ள வண்டி அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது, இவற்றுக்குத்தான். ஆகவே திருச்சிக்காரர் சொல்லும் திருமணப் படப்பிடிப்பு ஆசாமிக்கு அந்தப் பதிவு உதவாது. எந்தப் பதிவு என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யட்டும், நீங்கள் முந்திக்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.

சேஸிஸ் தகட்டிலும் எஞ்சினிலும் உள்ள எண்களை ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் வேறுபட்டாலும் இப்போதே தெரிவது நல்லது.

தாராபுரம் 1100

எங்கள் வீட்டு பியட்டை 2014இல் தம்பி "புதுசாக்கி" வைத்தான். டாஷ்போர்டில் தாத்தா ஒட்டிய பழனி முருகன் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், அடியில் இருந்த பெயிண்டோடு. இப்போது அங்கே புளூடூத் பெட்டி பாடுகிறது. வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, விற்கவில்லை. ஆனாலும் யாரோ வாங்கிக்கொண்டு போனது போலத்தான் இருக்கிறது. சந்தனத்தைத் துடைக்காதீர்கள் டீச்சர்.

மடத்துத் தெரு டீச்சர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை என் மகனை வைத்துக்கொண்டு பீளமேட்டு சார் சொன்னபடி பார்த்தோம். எண்கள் இரண்டும் ஒத்துப்போகின்றன. டிக்கி அடித்தளமும் கதவு இடுக்கும் ஒரே நீலம். முதலையின் உள் விளிம்பு மட்டும் ஒரு சாயல் பச்சையடித்த நீலம். விளக்கின் ஒயர்மேல் பொடிப்பொடியாகத் தூறல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா "கம்பெனி பெயிண்டு" என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்.

குறிப்பேட்டில் தேடினேன். மூன்றாவது ஏடு, 1973, ஆவணி. "திருவையாறு சாலையில் நெல் வண்டி மோதி மூக்கு நசுங்கல். மாடு பயந்தது, காயம் இல்லை. தஞ்சாவூரில் நிமிர்த்திப் பெயிண்டு: ரூ. 340. வண்டிக்காரனுக்கு: ரூ. 20." மோதியது அவனுடைய வண்டி, 20 ரூபாய் கொடுத்தது அப்பா. ஏன் என்று ஏட்டில் இல்லை. "கம்பெனி பெயிண்டு" என்ற அப்பாவின் வாக்குமூலம் அப்பாவின் ஆவணத்தாலேயே உடைந்தது. கேட்டிருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார்.

மீட்டர் சங்கதி இன்னும் மோசம். ஏழாவது ஏடு, 1993, தை. "இன்று 00000. கடைத்தெருவில் நிறுத்தி எல்லோருக்கும் அசோகா அல்வா." அந்த அசோகாவை நானும் சாப்பிட்டேன். எதற்கென்றே தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன். ஆக 64,318 இல்லை, 1,64,318. இடையில் 1984இல் எஞ்சின் இறக்கிச் சிலிண்டர் போர் செய்த (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து சரிசெய்த) ரசீதும் இருக்கிறது.

புரோக்கரிடம் சொன்னேன். "ஏட்டைப் பரணில் போடுங்கள், மீட்டர் சொல்வதைச் சொல்லுங்கள், நாம் பொய் சொல்லவில்லையே" என்கிறார். சின்ன அண்ணனும் அரை மனதாக அதே கட்சி. நான் முப்பது ஆண்டாக, விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் போட்டு வந்தவள். கோவைக்காரருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பீளமேடு ஹெரால்டு

மூன்று பக்கத்தையும் படம் எடுத்து அப்படியே அனுப்புங்கள். மூக்கு நிறம் வேறு என்பது நேரில் பார்க்கும் எவருக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லி அவர் அறிவது வேறு, அவராகக் கண்டுபிடிப்பது வேறு. பின்னதில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார், நல்ல சில் பட்டையைக்கூட. 1984இல் போர் செய்ததும் குறை அல்ல. 948 சி.சி. எஞ்சின் அவ்வளவு ஓடினால் போர் செய்துதான் ஆகவேண்டும். அதே எஞ்சின், அதே எண். அதுதான் கேள்வி.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய விபத்தின் குறிப்போடு இந்த நாட்டில் எத்தனை ஹெரால்டு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

மலைக்கோட்டை மார்க்கெட்

ஒரு லட்சம் ஓட்டத்தைத் தானாக முன்வந்து சொன்ன முதல் விற்பனையாளரை இந்தத் தொழிலில் இன்றுதான் பார்க்கிறேன். விலை குறையும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். தவறாக இருந்தால் வந்து சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மடத்துத் தெரு டீச்சர்

ஐந்து மாதம் ஆகிவிட்டது. முடிந்தது.

வாரிசுச் சான்றிதழ் வர ஏழு வாரம். பெரியண்ணன் துபாயில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதத்துக்குத் தூதரகச் சான்று வாங்க இன்னும் மூன்று வாரம். படிவம் 31 கொடுத்து, அபராதம் கட்டி, வண்டி என் பெயருக்கு வந்தது. அப்பா பெயருக்குக் கீழே என் பெயரைப் பார்த்தபோது, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. இடையில் பெரியண்ணன் ஆதாயவரி வருமா என்று கவலைப்பட்டார். சொந்த உபயோகத்துக்கான கார் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்துக் கணக்கில் வராது, கவலை வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னார்.

கோவைக்காரர் நேரில் வந்தார். என் வயதுதான் இருக்கும், நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்கிறவர். பேசவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோணியை விரித்துப் படுத்து அடியில் போய்விட்டார். அரை மணி நேரம். வெளியே வந்ததும், "மூக்கு பெயிண்டை நீங்கள் அனுப்பிய முதல் படத்திலேயே பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்கிறீர்களா என்று காத்திருந்தேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. டீச்சருக்கே தேர்வா? மீட்டர் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். இடதுபக்கச் சேஸிஸ் கை ஒன்று துருவில் போயிருந்ததையும் சேர்த்துப் பதினைந்தாயிரம் குறைத்தார். 2,60,000. வங்கியில் வந்த பிறகே கையெழுத்துப் போட்டேன், எழுத்தர் ஐயா. திருச்சி சார், குறையும் என்றது சரிதான். ஆனால் புரோக்கர் சொன்னதைவிட ஒன்றரை லட்சம் கூடுதல்.

பிரிக்க மாட்டீர்களே என்று கேட்டேன். கைப்பேசியில் அவர் ஷெட்டைக் காட்டினார். ஒரு மாரிஸ் மைனர், ஒரு பழைய அம்பாசிடர், நடுவில் ஓர் இடம் காலியாக, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு. அதற்கு மேல் என்ன கேட்பது.

சிக்கல் வந்தது குறிப்பேட்டில். பதினொன்றும் வேண்டும் என்றார், அவை இல்லாமல் வண்டி பாதிதான் என்றார். நியாயம். ஆனால் அதே ஏட்டில்தான் 1968ஆம் ஆண்டு ஒரு பக்கத்தில், "இரவு 2.10, ஆஸ்பத்திரி. காலை 5.40 பெண். திரும்பும் வழியில் பெட்ரோல்" என்று நான் இருக்கிறேன். அதை விற்க முடியாது. இரண்டு நாள் இழுபறி. கடைசியில் அப்பாவின் ஜூனியராக இருந்தவரிடம் போனேன். அவருக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, நோட்டரி. கார் சம்பந்தப்பட்ட பக்கங்களை எல்லாம் நகல் எடுத்து, 412 பக்கம், ஒவ்வொன்றிலும் "உண்மை நகல்" என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைத்த பிறகும் ஓயவில்லை. பணம் வாங்கவில்லை. 1973 பக்கம் வந்தபோது நிறுத்தி, "அன்று ஓட்டியது உங்கள் அப்பா இல்லை அம்மா, நான். லைசென்ஸ் வாங்கி ஒரு வாரம்" என்றார். நெல் வண்டிக்காரனுக்கு ஏன் 20 ரூபாய் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ரசீதுகள், சாவி, கருவிச்சுருள், நகல் கட்டு எல்லாம் அவருக்கு. மூல ஏடுகள் பதினொன்றும் என் அலமாரியில்.

வியாழக்கிழமை கார் ஏற்றும் லாரி வந்தது. மடத்துத் தெருவில் லாரி திரும்ப முடியாமல் முக்கால் மணி நேரம் திண்டாடியது. பதினொன்றாவது ஏட்டில் கடைசிப் பதிவு 2011 புரட்டாசி. அதற்குக் கீழே நாள் எழுதி, 64,318 எழுதி, இடம் என்பதில் கோவை என்று எழுதினேன். பெட்ரோல் கட்டத்தில் கோடு போட்டேன்.

பணி நிறைவு எழுத்தர்

மகிழ்ச்சி அம்மா. லாரி போனதோடு வேலை முடியவில்லை. ஆர்.சி.யில் வாங்கியவர் பெயர் ஏறிவிட்டதா என்று இணையத்தில் பார்த்தீர்களா? ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறதா?

மடத்துத் தெரு டீச்சர்

இருக்கிறது ஐயா. நேற்று பார்த்தேன், பெயர் ஏறிவிட்டது. எண் அதே எண்தான்.